சிஸ்டம் தானாக நின்றால்: ஃபார்மேட் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர், மொபெட்டின் முன்னால் சிபியுவை நிறுத்தி இரண்டு முழங்காலாலும் அணைத்தபடி ஓட்டிக்கொண்டு வந்தார். "மூணு தடவை ஃபார்மேட் போட்டாச்சுங்க. நாலாவது தடவை போடறதுக்குள்ள நீங்க ஒருவாட்டி பாத்துடுங்க" என்றார். பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு, சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதாம். எந்த நேரத்தில் என்று கேட்டேன். "அதுக்கு நேரங்காலமே இல்லைங்க" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலையில பட்டறை தொறந்ததும் ஒருக்கா, சாப்பிட்டு வந்து உக்காந்ததும் ஒருக்கா" என்றார்.

நேரங்காலம் இருக்கிறது பாருங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் ஊரில் சிஸ்டம் திடீரென்று நின்றால் முதல் மருந்தே ஃபார்மேட்தான். சில நேரம் கேட்கவும் செய்யும். பல நேரம் கேட்காது. சில நேரம் நிலைமையை இன்னும் மோசமாக்கும். சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், சொந்த சிஸ்டத்தைத் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும், ஃபார்மேட்டுக்கு முன்னால் என்னென்ன பார்க்கலாம் என்று எழுதிவைக்கிறேன்.

கர்னல் ஏன் நிற்கிறது

நாம் திறக்கும் டேலி, குரோம் எதுவும் ராமையோ டிஸ்கையோ நேரடியாகத் தொட முடியாது. விண்டோஸ், லினக்ஸ் எதுவானாலும் அதன் மையத்தில் இருந்து எல்லாவற்றையும் நிர்வகிக்கும் பகுதிதான் கர்னல். அதனிடம் கேட்க வேண்டும், அது எடுத்துக் கொடுக்கும். இதற்கு பிராசஸரிலேயே வேலி போட்டிருக்கிறார்கள். இன்டெல், ஏஎம்டி சிப்களில் அதற்கு ரிங் என்று பெயர். சாதாரண புரோகிராம் ரிங் 3-இல் ஓடும், கர்னல் ரிங் 0-இல் ஓடும். ரிங் 3-இல் இருக்கும் ஒன்று தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் கைவைத்தால், பிராசஸர் உடனே கர்னலைக் கூப்பிடும். கர்னல் அந்த ஒரு புரோகிராமை மட்டும் மூடிவிடும். டேலி போய்விடும், சிஸ்டம் பிழைத்துக்கொள்ளும்.

அதே தப்பை ரிங் 0-இல் ஓடும் ஒன்று செய்தால், மேலே கூப்பிட ஆள் கிடையாது. லீ பஜார் மண்டியில் ஒரு கணக்குப்பிள்ளை, பேரேட்டில் தான் எழுதாத ஒரு தொகையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு வரிகூட எழுதாமல் பேரேட்டை மூடிவைத்துவிட்டு முதலாளியைத் தேடுவார். கர்னல் செய்வதும் அதுதான். தன் நினைவகத்தில் ஏதோ கெட்டுவிட்டது என்று தெரிந்தும் தொடர்ந்து ஓடினால், அந்தக் கெட்ட தகவல் டிஸ்கில் எழுதப்பட்டு உங்கள் ஃபைல்களும் கெடும். அதனால் வேண்டுமென்றே நின்றுவிடுகிறது. விண்டோஸில் அது புளூ ஸ்கிரீன், லினக்ஸில் கர்னல் பேனிக். லினக்ஸில் ஊப்ஸ் என்று இன்னொன்றும் உண்டு: தப்பு நடந்த புரோகிராமை மட்டும் கொன்றுவிட்டு, கர்னல் தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருக்கும். ஊப்ஸ் ஒன்று வந்துவிட்டால் வேலையைச் சேமித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்துவிடுவது நல்லது.

முதல் வேலை: எப்படி நின்றது என்று பிரித்துப் பாருங்கள்

கஸ்டமர் எல்லாவற்றையும் "ஆஃப் ஆயிடுதுங்க" என்றுதான் சொல்வார். அதற்குள் மூன்று வகை இருக்கிறது. சட்டென்று கரண்ட் போனதுபோல அணைவது ஒன்று. மவுஸ்கூட நகராமல் அப்படியே உறைந்துபோவது இரண்டு. ஏதோ எழுத்துகளைக் காட்டிவிட்டு நிற்பது மூன்று. மூன்றாவதில்தான் கர்னல் தானே முடிவெடுத்து நின்றிருக்கிறது. முதல் வகையில் கர்னலுக்கு நடந்ததே தெரியாது.

ஒரு சிக்கல் என்னவென்றால், விண்டோஸ் எழுத்தைக் காட்டிய வேகத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும். மூன்றாவது வகை, பார்ப்பவருக்கு முதல் வகைபோலத் தெரியும். சிஸ்டம் பிராப்பர்டீஸ் திறந்து, அட்வான்ஸ்டு என்ற பக்கத்தில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரிக்குள் போனால், ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட் என்ற இடத்தில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை எழுத்து அப்படியே நிற்கும், நிதானமாகப் படிக்கலாம்.

லினக்ஸில் பேனிக் வந்தால், தனியாக மாற்றிவைக்காதவரை, சிஸ்டம் அப்படியே நிற்கும். திரையில் எதுவும் தெரியாவிட்டால் லேப்டாப் கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். அது விட்டுவிட்டு மின்னினால் பேனிக். யுஎஸ்பி கீபோர்டை நம்பாதீர்கள், அதில் பெரும்பாலும் மின்னாது.

அடுத்தது: போட்டோ, அப்புறம் ஒரு நோட்டு

எழுத்து தெரிந்தவுடன் செல்போனில் படம் எடுங்கள். பழைய விண்டோஸில் நீலத் திரை. விண்டோஸ் 11-இல் 2025-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு அது கறுப்பாகிவிட்டது. சோக முகமும் கியூஆர் கட்டமும் போய்விட்டன. நிறம் எதுவானாலும் தேவையானவை இரண்டுதான்: எதனால் நின்றது என்று சொல்லும் ஸ்டாப் கோடு, அதற்குப் பக்கத்தில் சில நேரம் வரும் டிரைவர் (ஒரு கருவியை இயக்க கர்னலுக்கு உதவும் புரோகிராம்) ஃபைலின் பெயர்.

சிஸ்டத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, நேரம், அப்போது என்ன ஓடியது, புதிதாக என்ன மாட்டினீர்கள், கரண்ட் எப்படி இருந்தது. அவ்வளவு போதும். எந்த சாஃப்ட்வேரும் சொல்லாத விஷயத்தை இந்த நோட்டு சொல்லும்.

விட்டுச்சென்ற குறிப்பைப் படிப்பது

விண்டோஸில் ஈவன்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். கர்னல்-பவர் என்ற பெயரில் 41 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். சிவப்பாக இருக்கும். புதியவர்கள் இதைப் பார்த்தவுடன் "பவர் சப்ளை போச்சு" என்று எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுவார்கள். 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன முறை சிஸ்டம் முறைப்படி அணையவில்லை. காரணம் அதற்குள்ளே, டீடெய்ல்ஸ் பக்கத்தில் பக்செக்கோடு என்ற வரியில் இருக்கும்.

அந்த வரியில் பூஜ்யம் இருந்தால் கர்னல் எதையும் எழுதிவைக்க நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கரண்ட் அறுந்திருக்கலாம், சிஸ்டம் முற்றிலும் உறைந்திருக்கலாம், அல்லது யாராவது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருக்கலாம். பூஜ்யம் இல்லாமல் வேறு எண் இருந்தால், கர்னல் தானே நின்றிருக்கிறது. இணையத்தில் இந்தக் கோடுகள் பதினாறடிமான எண்ணில் இருக்கும். ஈவன்ட் வியூவரில் வருவது நாம் எண்ணும் சாதாரண எண். நான் அடிக்கடி பார்ப்பவை: 10-உம் 209-உம் வந்தால் டிரைவர் பக்கம் கண் போகும், 26 மெமரி மேனேஜ்மென்ட், 122 டிஸ்க், 292 வந்தால் ஹார்டுவேரே புகார் கொடுத்திருக்கிறது.

கொலுசுப் பட்டறை சிஸ்டத்தில் பதினோரு 41 பதிவுகள் இருந்தன. பதினொன்றிலும் பூஜ்யம். நேரத்தைப் பார்த்தால் காலை ஒன்பதரை, மதியம் இரண்டரை, சுற்றிச்சுற்றி அதே இரண்டு. பட்டறைக்கே போய்ப் பார்த்தேன். பாலிஷ் மோட்டாரும் பில் போடும் மேசையும் ஒரே லைன். மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் ட்யூப்லைட் ஒரு கண் சிமிட்டுகிறது. யுபிஎஸ் இருந்தது, பேட்டரி உப்பிக் கிடந்தது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தால் இரண்டு கபாசிட்டரின் தலை வீங்கியிருந்தது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒரு சின்ன வோல்டேஜ் சரிவைத் தாங்கும், இது தாங்கவில்லை. மூன்று ஃபார்மேட்டுக்குக் கொடுத்த காசில் பேட்டரியே வாங்கியிருக்கலாம்.

கர்னல் தானே நின்ற கேஸ் என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு கிராஷுக்கும் ஒரு சின்ன ஃபைல். இந்த ஃபைலைப் படித்துக் காட்டும் மைக்ரோசாஃப்டின் விண்டிபிஜி (WinDbg) இலவசம். அதில் ஃபைலைத் திறந்து அனலைஸ் கட்டளை கொடுத்தால் எந்த டிரைவர் ஓடும்போது விழுந்தது என்று காட்டும். மினிடம்ப் காலியாக இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். கிராஷ் நேரத்தில் விண்டோஸ் முதலில் பேஜ்ஃபைலில் (ராமுக்குத் துணையாக டிஸ்கில் ஒதுக்கிய ஃபைல்) எழுதி, அடுத்த முறை கிளம்பும்போதுதான் தனி ஃபைலாக மாற்றுகிறது. "வேகம் கூடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு பேஜ்ஃபைலை நிறுத்தியிருந்தால் எழுத இடமிருக்காது. இன்னொன்று, குப்பை சுத்தம் செய்யும் சாஃப்ட்வேர்கள் இந்த ஃபோல்டரையும் சேர்த்துக் கழுவிவிடும்.

லினக்ஸில் ஜர்னல்சிடிஎல் கட்டளையோடு '-கே -பி -1' என்று சேர்த்தால் (journalctl -k -b -1) போன முறை ஓடியபோது கர்னல் எழுதியதெல்லாம் வரும். கடைசி வரிகள் இல்லையென்றால் ஆச்சரியப்பட வேண்டாம். தன்னையே நம்ப முடியாத நிலையில் கர்னல் டிஸ்கில் எழுதாது. அதற்காகத்தான் கேடம்ப் என்று ஒரு ஏற்பாடு: ராமில் ஒரு பகுதியை முன்கூட்டியே ஒதுக்கி, அதில் இரண்டாவதாக ஒரு கர்னலைத் தயாராக வைத்திருப்பார்கள். முதல் கர்னல் விழுந்ததும் இரண்டாவது எழுந்து, விழுந்ததன் நினைவகத்தைப் பத்திரமாக எடுத்துவைக்கும். சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் இதைக் கட்டாயம் போட்டுவைக்க வேண்டும்.

டிரைவர்

விண்டோஸில் நான் பார்க்கும் கிராஷ்களில் டிரைவருக்குத்தான் முதலிடம். டிரைவரை எழுதுவது கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனியோ வைஃபை சிப் கம்பெனியோ. ஆனால் அது பெரும்பாலும் ஓடுவது ரிங் 0-இல், கர்னலோடு சம பந்தியில். அதன் தப்பு கர்னலின் தப்பாகிவிடும். 1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98-ஐக் காட்ட ஒரு ஸ்கேனரை மாட்டியதும் எல்லார் முன்னாலும் புளூ ஸ்கிரீன் வந்தது. செருகியவுடன் வேலை செய்யும் என்பதைக் காட்டத்தான் அதை மாட்டினார்கள்.

இதைவிடப் பெரியது 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் கர்னல் டிரைவர், புதிதாக வந்த ஒரு ஃபைலைப் படித்தது. 21 மதிப்புகள் வரும் என்று ஒரு பக்கம் எதிர்பார்ப்பு, கொடுத்ததோ 20. இல்லாத 21-ஆவதைப் படிக்கப்போய், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கைவைத்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் சிஸ்டங்கள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த டிரைவர் சிஸ்டம் கிளம்பும்போதே கிளம்புவது என்பதால், ரீஸ்டார்ட் செய்தாலும் மறுபடி அதே இடத்தில் விழுந்தது. பெரும்பாலானவை, அவசியமானவற்றை மட்டும் வைத்துக் கிளம்பும் சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை நீக்கியபோதுதான் எழுந்தன. ஃபார்மேட் தேவைப்படவில்லை.

டிரைவர்தானா என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. நாலைந்து மினிடம்பிலும் ஒரே டிரைவரின் பெயர் வந்தால் அதைச் சந்தேகப்படுங்கள்: புதியதைப் போடுங்கள், அல்லது புதியது வந்த பிறகுதான் தொல்லை என்றால் பழையதற்குத் திரும்புங்கள். ஒவ்வொன்றிலும் வேறுவேறு பெயர், வேறுவேறு கோடு என்று வந்தால் டிரைவர்களை விட்டுவிட்டு ராமைப் பாருங்கள். விண்டோஸ் கர்னல் ஃபைலின் பெயரே வந்தால், "விண்டோஸ் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிடாதீர்கள். பிணம் கிடந்த வீட்டுக்காரனே கொலைகாரன் என்று ஆகாது. வேறொரு டிரைவர் கர்னலின் நினைவகத்தில் எப்போதோ கிறுக்கிவிட்டுப் போயிருக்கும். கர்னல் அதைப் படிக்கும்போதுதான் விழும்.

இப்படி ஒளிந்துகொள்ளும் டிரைவரைப் பிடிக்க விண்டோஸில் டிரைவர் வெரிஃபையர் உண்டு. அது தப்புச் செய்யும் டிரைவரைக் கையும் களவுமாகப் பிடித்து, அங்கேயே சிஸ்டத்தை விழவைக்கும். பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட் வைக்காமல், சேஃப் மோடுக்குப் போகத் தெரியாமல் அதைத் தொட வேண்டாம்.

டிஸ்க், பாதியில் நின்ற அப்டேட், சூடு

122 என்ற கோடு வந்தால், டிஸ்குக்கு அனுப்பிவைத்த நினைவகப் பக்கத்தைக் கர்னலால் திரும்ப வாங்க முடியவில்லை என்று அர்த்தம். இந்த ஒன்றில் மட்டும் வரிசை மாறும்: காரணம் தேடுவது அப்புறம், முதலில் பேக்கப். பிறகு டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில், கெட்ட இடங்களைக் காட்டும் ரீஅலோகேட்டட், பென்டிங் என்ற இரண்டு எண்களும் ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் டிஸ்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

லினக்ஸ் போட்ட கல்லூரிப் பிள்ளைகள் அடிக்கடி கொண்டுவருவது வேறு. கிளம்பும்போதே, ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை, தெரியாத பிளாக் (0,0) என்று சொல்லிப் பேனிக் ஆகும். இரண்டு பூஜ்யமும் சேர்ந்து வந்தால் கர்னலின் கண்ணுக்கு டிஸ்கே தெரியவில்லை. பெரும்பாலும் கர்னல் அப்டேட் பாதியில் நின்று, கிளம்பும்போது டிஸ்கை அடையக் கர்னலுக்கு உதவும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஃபைல் உருவாகாமல் போயிருக்கும். பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கும், அல்லது அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிருக்கும். சிஸ்டம் கிளம்பும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய்ப் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள், எழுந்துவிடும். பிறகு இடம் காலிசெய்து, புதிய கர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கினால் போதும்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜவ்வரிசி மில்லில் இருந்து வரும் சிபியுவைத் திறந்தால் ஹீட்சிங்க் முழுக்க மாவு அப்பி, தோசைக்கல்லில் ஒட்டியதுபோல இருக்கும். ஆனால் பிராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் தாண்டினால் கரண்டை வெட்டிவிடும். அதனால் சூட்டில் பெரும்பாலும் வருவது முதல் வகை, புளூ ஸ்கிரீன் அல்ல.

ராம்

கடைசிக்கு வைத்திருந்தேன், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது இதுதான். ராமில் ஒரே ஒரு பிட் பூஜ்யத்தில் இருந்து ஒன்றாக மாறினால் என்ன ஆகும்? 5 என்ற எண் இருக்கும் இடத்தில் 4096 மதிப்புள்ள பிட் தப்பாக எரிந்தால் அது 4101 ஆகிவிடும். பில்லில் என்றால் கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். அது கர்னல் வைத்திருக்கும் முகவரியாக இருந்தால், கர்னல் சரியாக ஒரு பக்கம் தள்ளிப் போய் நிற்கும். நினைவகத்தில் ஒரு பக்கம் என்பது 4096 பைட். அங்கே என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்து விழும். அதனால்தான் ராம் கெட்டால் ஒவ்வொரு முறையும் வேறு கோடு, வேறு டிரைவர் பெயர். சர்வர்களில் இசிசி ராம் போடுவது இதற்காகத்தான்: ஒரு பிட் மாறினால் தானே திருத்தும், இரண்டு மாறினால் சொல்லிவிடும். நம் வீட்டுச் சிஸ்டங்களில் அது கிடையாது.

ஃபார்மேட் நிலைமையை மோசமாக்கும் என்றேனே, அது இங்கேதான். விண்டோஸ் போடும்போது ஒவ்வொரு ஃபைலும் ராம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது. ராம் கெட்டிருந்தால் புதிதாகப் போட்ட விண்டோஸே கெட்ட விண்டோஸாக உட்காரும். அதனால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐப் பென் டிரைவில் ஏற்றி, ராத்திரி முழுக்க ஓடவிட்ட பிறகே ஃபார்மேட் பற்றி யோசியுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் எரர்தான், "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது. வந்தால் ராம்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, தனித்தனியாக, ஸ்லாட் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். எரர் ராமோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே தங்குகிறதா என்று தெரிந்துவிடும். பயாஸில் எக்ஸ்எம்பி போட்டு ராம் வேகத்தைக் கூட்டியிருந்தால் அதை முதலில் அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸ் சிஸ்டம் என்னை நன்றாக அலையவிட்டது. கோடுகள் தாறுமாறாக வந்தன. ராமாகத்தான் இருக்கும் என்று கீழே கொண்டுவரச் சொன்னேன். என் பெஞ்சில் மூன்று நாள் மெம்டெஸ்ட் ஓடியது, ஒரு எரர் இல்லை. திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஆபீஸ் ரைட்டர் போன் செய்தார்: "மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு தம்பி." மறுபடி கொண்டுவந்தார், மறுபடி எரர் இல்லை.

இந்த முறை நான் பென் டிரைவை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். ரைட்டர் என் பேச்சைக் கேட்டு, காப்பி எடை எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் கிராஷ் ஆன நேரத்தையெல்லாம் குறித்திருந்தார். 6.10, 6.25, 5.50, 6.40. எல்லாம் காலை. பத்து மணிக்கு மேல் ஒன்றுகூட இல்லை. மேசை ஜன்னலோரம், ராத்திரி மூடுபனி உள்ளேயே வந்து போகிறது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை நனைகிறது. அன்று ராத்திரி அங்கேயே தங்கி மெம்டெஸ்ட்டை ஓடவிட்டேன். விடியற்காலை நாலரைக்கு முதல் சிவப்பு வரி வந்தது.

ராமைக் கழற்றிப் பார்த்தால் அதன் தங்கப் பற்களின் மேல் மங்கலாக ஒரு படலம். ஒவ்வொரு முறையும் மலையிறங்கிக் குலுங்கி வந்ததிலும், சேலத்துச் சூட்டில் காய்ந்ததிலும் தொடுப்பு தானாகச் சரியாகியிருக்க வேண்டும். பலர் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். அழுத்தித் தேய்த்தால் மெல்லிய தங்கப்பூச்சும் போய்விடும், எனக்கு அதில் விருப்பமில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துப் பற்களைத் துடைத்தேன். ஸ்லாட்டிலும் அதையே கொஞ்சம் விட்டு, நன்றாக உலர்ந்த பிறகு ராமை இரண்டு மூன்று முறை செருகி எடுத்தேன். கழற்றும்முன் பிளக்கைப் பிடுங்கி, வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்வது கட்டாயம். மேசையை உள்சுவர்ப் பக்கம் தள்ளிப் போட்டோம்.

மறு வருடம் வேறு வேலையாகப் போனபோது அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பின்பக்கத்திலும் காப்பி எடையே எழுதியிருந்தார்கள்.